வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த டாக்டரம்மா

இந்த கிளினிக்கைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் படித்துப் பார்த்தேன். எல்லாம் நாய்க்காரர்கள் எழுதியவை. லேப்ரடாருக்கு முடி வெட்டியது நன்றாக இருந்தது, பக் குட்டிக்குத் தடுப்பூசி வலிக்காமல் போட்டார்கள், ஹஸ்கி உட்கார ஏசி இல்லை. வயசான பூனையை மடியில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தேடுகிறவருக்கு அதில் ஒரு வரி உதவாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பூனைக்கு வயசாகிவிட்டது, இனி தேறாது என்ற நிலைமை வந்தால் இந்த டாக்டரம்மாவிடம் போங்கள். கேட்டதற்கெல்லாம் தலையாட்ட மாட்டார். சேலத்தில் எனக்குத் தெரிந்த டாக்டர்களிடம், மனுஷ டாக்டர்களையும் சேர்த்துத்தான், இந்தக் குணத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

எனக்கு சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை. பூனையின் பெயர் குண்டுமணி. பட்டறைக்குள் வந்து விழுந்தபோது அவ்வளவுதான் இருந்தாள், அதனால் அந்தப் பெயர். 16 வயசு. நல்ல நாளில் 4 கிலோ 200 கிராம். எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், வெள்ளி எடை போடும் தராசு எந்நேரமும் பக்கத்திலேயே இருக்கிறது.

முதலில் கவனித்தது தண்ணீர் குடிப்பதைத்தான். பூனை பொதுவாகத் தண்ணீரை எட்டிக்கூடப் பார்க்காது. இவள் வாளி, சொம்பு, பூச்சட்டித் தட்டு என்று ஒன்றை விடவில்லை. பட்டறையில் ஆசிட் தொட்டி வேறு இருப்பதால் எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. இன்னொரு இடத்தில் காட்டினோம். வயசானால் அப்படித்தான் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். அடுத்த வாரமும் ஊசி. ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்புறம் வியாபாரத்தில் பழக்கமான ஒருவர் சொல்லித்தான் ஐந்து ரோடு பக்கம் இருக்கும் இந்த கிளினிக்குக்கு வந்தோம்.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கலாம். வந்ததும் பூனையைத் தொடவில்லை. கூடையின் மூடியை மட்டும் திறந்து வைத்துவிட்டு எங்களிடம் பேசிக்கொண்டிருந்தார். ஆசிட் தொட்டிக்கு மூடி உண்டா, எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுகிறாள், மூத்திரம் கட்டியாக இருக்கிறதா தண்ணீர் மாதிரி இருக்கிறதா. குண்டுமணி தானாக வெளியே வந்து மேஜையை மோந்து பார்த்த பிறகுதான் கை வைத்தார். எடை 3 கிலோ 340. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய ஒரு கழிவு, 4.2.

அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று ஒரு தாளில் வரைந்து காட்டினார். பூனையின் சிறுநீரகம் முக்கால் பாகம் செயல் இழக்கும்வரை இந்த அளவு பெரிதாக ஏறாதாம். ஏறியிருக்கிறது என்றால் கால் பாகம்தான் மீதி. ஐரிஸ் என்று உலகம் முழுக்கக் கால்நடை டாக்டர்கள் பின்பற்றும் கணக்கு ஒன்று இருக்கிறது. அதில் 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை, 5-க்கு மேலே போனால் நான்காம் நிலை, கடைசி. "இது சரியாகாதுங்ணா. மெதுவாக்கலாம், அவ்ளோதான். அதுக்கு நீங்க ரெண்டு பேரும் வீட்ல வேலை செய்யணும்" என்றார். ஸ்கேன் வேண்டுமானால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதித் தருகிறேன், ஆனால் அதைப் பார்த்து நான் கொடுக்கும் மருந்து மாறப்போவதில்லை, அவ்வளவு தூரம் வண்டியில் போனால் பூனைக்குத்தான் கஷ்டம் என்றார். போகவில்லை.

வேலை என்று அவர் சொன்னது தோலுக்கு அடியில் தண்ணீர் ஏற்றுவது. ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற உப்பு நீர்) பாட்டில், டியூப், ஊசி, எல்லாம் சாதாரண மெடிக்கலில் கிடைக்கிறது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சில்லென்று உள்ளே போய்ப் பூனை துள்ளும். ஜன்னல் கம்பியில் மாட்டி, முதுகில் இரண்டு தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, அந்த இடுக்கில் ஊசியைச் செருகி 100 மில்லி விட வேண்டும். தோலுக்கு அடியில் ஒரு பை தொங்கும், சில சமயம் முன்னங்கால் வரை இறங்கும். பயப்பட வேண்டாம், சில மணி நேரத்தில் உடம்பு இழுத்துக்கொள்ளும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் அன்றைக்கு ராத்திரியே கிளினிக் கதவைத் தட்டியிருப்பேன்.

நான்தான் ஊசி போடுவேன் என்று நினைத்தேன். டாக்டரம்மா எங்கள் இருவர் கையையும் பார்த்துவிட்டு ஊசியை வீட்டம்மாவிடம் கொடுத்தார். நியாயம்தான். கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைக்கும் கை அது, நடுங்காது. எனக்குக் கிடைத்த வேலை பூனையைப் பிடிப்பதும் மாத்திரை வெட்டுவதும். ரத்த அழுத்தம் ஏறியிருந்ததால் அம்லோடிபின். நாம் சாப்பிடும் அதே மாத்திரைதான், 2.5 மில்லிகிராமில் கால் பாகம். இதைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் கெட்ட பூனைக்குத் திடீரென்று கண் தெரியாமல் போய்விடுமாம்.

வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வரச் சொன்னார். பட்டறைத் தராசில் துணி விரித்து, அதன் எடையைக் கழித்துவிட்டு, குண்டுமணியை உட்கார வைப்போம். "அண்ணா, டச் எவ்ளோ?" என்று, வெள்ளியின் சுத்தத்தைக் கேட்பது போல, பையன்கள் கிண்டல் செய்வார்கள். கிராம் சுத்தமாக எழுதிய நோட்டைப் பார்த்து டாக்டரம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். வருகிறவர்கள் எல்லோரும் "கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்குங்க" என்றுதான் சொல்வார்களாம்.

சிறுநீரகத்துக்கென்று விற்கும் தீவனத்தை வாங்கினோம். விலை கண்ணைக் கட்டுகிறது. குண்டுமணி அதை மோந்துவிட்டு, மண்ணை மூடுவது போலத் தரையைப் பிறாண்டிவிட்டுப் போய்விட்டாள். சரி, என்ன செய்வது என்று கேட்டதற்கு, "பட்டினி கிடக்கறதுக்கு எதைச் சாப்பிட்டாலும் பரவால்லைங்ணா" என்றார். பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அது தனியாக ஒரு வியாதியாகிவிடும் என்றார். மீதித் தீவனப் பையைத் திறக்காமல் கொண்டு போனபோது வேறொரு பூனைக்காரருக்குக் கொடுத்து எனக்குப் பணம் வாங்கிக் கொடுத்தார். எந்தக் கடையில் இதைச் செய்வார்கள்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

மாம்பழ சீசன் முடியும் நேரம். குண்டுமணி ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தாள், மீன் வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்களால் பார்க்க முடியவில்லை. காலையில் கூடையோடு போய், "தூங்க வச்சிடுங்க மேடம்" என்று கேட்டுவிட்டேன். வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தார், ஈறு பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். "இன்னிக்கு வேண்டாம்ணா" என்றார்.

சிறுநீரகத்தால் வெளியே தள்ள முடியாத கழிவு ரத்தத்தில் சேர்ந்தால் குமட்டும், அதுதான் சாப்பாட்டை வெறுக்கிறது, இது இன்னும் மருந்துக்கு அடங்கக்கூடியது என்று விளக்கினார். குமட்டலுக்கு ஓர் ஊசி, பசிக்கு மிர்டாசபின் மாத்திரையில் ஒரு துணுக்கு. மனச்சோர்வுக்கு மனிதர்கள் சாப்பிடுகிற மாத்திரை அது, பூனைக்குப் பசியைத் தூண்டும். மறுநாள் மத்தி மீனை முள்ளோடு கேட்டு நின்றாள்.

ஊசி போட்டு முடித்துவிட்டால் அவருக்கு அன்றைக்குக் காசு. நானே வாயால் கேட்டேன். ஆனாலும் வேண்டாம் என்றார். அந்த ஒரு சொல்லால் எங்களுக்குக் கிடைத்தது ஆடி மாசம். குகைப் பகுதியில் அலங்கார வண்டிகள் ஊர்வலமாகப் போகும் வண்டி வேடிக்கைக்கு ஊரே அதிர்ந்தபோது காது மந்தமாகிப்போன குண்டுமணி பட்டறை மூலையில் நிம்மதியாகத் தூங்கினாள். ஆயுத பூஜையில் சுத்தியல், ஊதுகுழல் எல்லாம் அடுக்கிப் பொட்டு வைத்தபோது பையன்கள் அவளுக்கும் நெற்றியில் சந்தனம் வைத்தார்கள். அதை நக்கித் துடைக்க அவளுக்கு அரை நாள் ஆனது.

இந்த மாதங்களில் வலியை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொடுத்தார். பூனை வலியைக் காட்டாது, கத்தாது. முகத்தைத்தான் பார்க்க வேண்டும். காது இரண்டும் விலகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா, கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறதா, மூக்கும் வாயும் இறுகியிருக்கிறதா, மீசை விறைத்து நேராக நிற்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. கனடாவில் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2019-இல் வெளியிட்ட முறையாம். அந்தப் படங்களைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். அதே சுவரில், "பூனைக்கு பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், ஒரு மாத்திரை உயிரை எடுத்துவிடும்" என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை. எங்கள் பட்டறைப் பையன் ஒருவன், காய்ச்சலாக இருக்கும், அரை மாத்திரை கொடுக்கலாமா என்று ஒரு நாள் கேட்டிருந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பலகையை வாசிக்க வைத்தேன்.

இன்னொரு தாளும் கொடுத்தார். அமெரிக்காவில் ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை டாக்டர் 2004-இல் உண்டாக்கிய மதிப்பெண் முறை, இவர் கையால் தமிழில் எழுதியது. வலி, பசி, உடம்பில் நீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளை விட நல்ல நாள் அதிகமா என்று ஏழு. ஒவ்வொன்றுக்கும் 10 மார்க். கூட்டினால் 35-க்கு மேல் இருந்தால் வண்டி ஓடும். நானும் வீட்டம்மாவும் தனித்தனியாகப் போட வேண்டும், ஒருவர் மார்க்கை மற்றவர் பார்க்கக் கூடாது என்பது இவர் சேர்த்துக்கொண்ட விதி. வீட்டம்மா தாராளமாகப் போடுவார். சந்தோஷத்துக்கு 8. எதை வைத்து 8 என்று கேட்டால், "என்னைப் பார்த்தா வாலை ஆட்டுச்சு" என்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் இதற்கு ஒரு சண்டை. கார்த்திகை பிறந்த பிறகு ஒரு ஞாயிறு இரண்டு தாளையும் எடுத்து வைத்தால் நான் 17, அவர் 19. அன்றைக்குச் சண்டை வரவில்லை.

எடை 2 கிலோ 190. பின்னங்கால் மடிந்துவிட்டது. கிரியேட்டினின் 9-ஐத் தாண்டியிருந்தது. அந்த நிலைமையில் ஒருவர், அட்மிட் செய்து நாலைந்து நாள் டிரிப் ஏற்றினால் தேறும் என்று ஓர் இடத்தைச் சொன்னார். அங்கே போன் பண்ணினோம், உடனே கொண்டு வரச் சொன்னார்கள். எனக்கு ஆசை வந்துவிட்டது. இந்த டாக்டரம்மாவிடம், நீங்களே அப்படி ஏற்றுங்களேன் என்று கேட்டேன்.

"வேண்டாம்ணா. அட்மிட் பண்ணா பில்லு ஏறும், கிட்னி ஏறாது."

மூத்திரம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது, ஏற்றுகிற தண்ணீர் போக வழியில்லாமல் நெஞ்சில் சேர்ந்து மூச்சு முட்டும், அது இப்போது இருப்பதைவிடக் கொடுமை என்றார். வீட்டில் ஏற்றுவதையும் அன்றோடு நிறுத்தச் சொன்னார். முன்பு வேண்டாம் என்றதற்கு நன்றி சொன்ன நான் இப்போது கோபப்பட்டேன். அவர் அசையவில்லை. "நாளைக்கு மத்தியானம் நான் வீட்டுக்கு வரேன். இனி அவளைக் கூடையில போட வேண்டாம்" என்றார்.

வீட்டில் என் மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. பூனையைக் கொன்ற பாவம் ஏழு தலைமுறைக்கு விடாது, தங்கத்தில் பூனை செய்து தானம் கொடுத்தாலும் தீராது என்றார். தங்கத்துக்கு நான் எங்கே போவது, எனக்கு வெள்ளிதான் வரும் என்று சொல்லிப் பார்த்தேன், சிரிக்கவில்லை. மறுநாள் டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும் நேராக மாமியார் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். வாதாடவில்லை. "ஆயா, ராத்திரி தூங்குச்சா?" என்று கேட்டார். "எங்க கண்ணு தூங்குச்சு, பொட்டுக் கண்ணு மூடல, சுவத்தையே பார்த்துட்டுக் கிடந்துச்சு" என்றார் மாமியார். சொல்லிவிட்டு அவரே குண்டுமணியின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். என்னிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார் டாக்டரம்மா. துன்பப்படுகிற விலங்கின் உயிரைப் போக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 13 என்று அதில் தமிழிலேயே எழுதியிருந்தது.

என்ன நடக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முதல் ஊசி தசையில், கொஞ்சம் எரியும், அஞ்சு பத்து நிமிஷத்தில் ஆழ்ந்து தூங்கிவிடுவாள். இரண்டாவது ஊசி நரம்பில், தயோபென்டோன். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கப் பயன்பட்ட மருந்துதான், அளவு கூடினால் மூச்சும் இதயமும் நின்றுவிடும். கண் மூடாது. உயிர் போன பிறகு ஒன்றிரண்டு முறை மூச்சு வாங்குவது போல உடம்பு அசையலாம், அதில் அவள் இல்லை. மூத்திரம் போகலாம், அதனால் பழைய துண்டு விரியுங்கள். எல்லாம் அப்படியே நடந்தது. முன்னங்காலில் நரம்பு அகப்படவில்லை, உடம்பு அவ்வளவு வற்றிப் போயிருந்தது. அவசரப்படாமல் பின்னங்காலில் முடியை வழித்துத் தேடி எடுத்தார். பையன்கள் மோட்டாரை நிறுத்தியிருந்தார்கள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார், எடுத்துவிட்டு மறுபடி வைத்துக் கேட்டார். அப்புறம்தான் "போயிட்டா" என்றார். அந்நேரம் முழுக்க அவருடைய போன் ஒரு முறைகூட அடிக்கவில்லை. ஸ்கூட்டரிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

புதைப்பது பற்றியும் சொன்னார், இது நிறைய பேருக்குத் தெரியாது. அந்த மருந்து உடம்பில் தங்கும். நாயோ காக்கையோ தோண்டித் தின்றால் அதற்கும் விஷம். அதனால் மூன்றடிக்குக் குறையாமல் தோண்ட வேண்டும், கிணற்றுப் பக்கம் கூடாது, பிளாஸ்டிக் கவரில் சுற்றாமல் துணியில் சுற்ற வேண்டும், மேலே கல் அடுக்க வேண்டும். பட்டறைக்குப் பின்னால் ஒன்றரை அடியிலேயே பாறை தட்டியது. பையன்கள் கடப்பாறையோடு இடம் மாற்றி மாற்றித் தோண்டி இருட்டுகிற நேரத்தில் முடித்தார்கள்.

பணம் எடுத்தேன், வாங்கவில்லை. "இன்னிக்கு வேண்டாம், இந்தப் பக்கம் வரும்போது குடுங்க" என்றார். பிறகு போனபோது வீட்டுக்கு வந்தது, மருந்து எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் பில். நியாயமான தொகை. மிச்சமிருந்த ஆர்.எல். பாட்டில்களையும் உடைக்காத ஊசிகளையும் கொடுத்தேன், தேதி பார்த்து வாங்கிக்கொண்டார்.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. காலையில் போன் எடுக்கவே மாட்டார்கள், ரிசப்ஷனில் இருக்கும் பெண்தான் மருந்தும் எடுத்துக் கொடுக்கிறார், தரையும் துடைக்கிறார். மாடிப்படி செங்குத்து, வயசானவர்கள் கூடையோடு ஏறுவது கஷ்டம். வண்டி நிறுத்த இடமில்லை. பெரிய குறை, நாய்க்கும் பூனைக்கும் ஒரே ஹால். ஏற்காட்டிலிருந்து ஓர் எஸ்டேட்காரர் ஜெர்மன் ஷெப்பர்டைக் கூட்டி வருவார். 20 கொண்டை ஊசி வளைவும் சுற்றி இறங்கிய கடுப்பில் அது எல்லோரையும் பார்த்துக் குரைக்கும். கூடைக்குள் குண்டுமணி சுருண்டு போவாள். பூனைக்கென்று வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள் என்று டாக்டரம்மாவிடமே சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்றார். இன்னும் பார்க்கவில்லை.

அதுவரைக்கும், போகிறவர்கள் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் போன் பண்ணுங்கள். கூடையின் மேல் துண்டைப் போட்டு மூடுங்கள். ஹாலில் உட்காராமல் மருந்து அலமாரிப் பக்கம் ஒரு சின்ன பெஞ்ச் இருக்கிறது, அங்கே உட்காருங்கள். எடையை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள், காய்கறிக் கடைத் தராசில் பார்த்ததாக இருந்தாலும் பரவாயில்லை.